பெற்றோர் நிரப்ப வேண்டிய பகுதி

என் மகள் அப்போது நரிக்குடியில் பத்தாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்தாள். அடுத்து என்ன படிக்கலாம் என்று வழிகாட்டும் செயலி ஒன்றைப் போனில் ஏற்றச் சொல்லிப் பள்ளியில் சொல்லியிருந்தார்கள். வீட்டில் இருந்தது என்னுடைய போன் ஒன்றுதான். தன் கேள்விகளை அவள் அன்றைக்கே முடித்துவிட்டாள். பெற்றோர் பகுதி மட்டும் மிச்சம்.

நான் லோடு வேன் ஓட்டுகிறேன். மறுநாள் அருப்புக்கோட்டையில் நூல் மூட்டைகளை இறக்கக் காத்திருந்தபோது அதைத் திறந்தேன். ‘உங்கள் பிள்ளை புதியவர்களிடம் தயங்காமல் பேசுவாரா?’ ஆம், இல்லை, தெரியவில்லை. என் முன்னால் அவள் பேசுவதே குறைவு. தெரியவில்லை என்று தொட்டேன். ‘பொருள்களைப் பிரித்துப் பார்ப்பாரா?’ அதுவும் தெரியவில்லை. அடுத்ததற்கும் அதே பதில்தான். இதை வைத்து அவளுக்குத் தப்பான வழியைக் காட்டிவிட்டால்? மூடி வைத்துவிட்டேன்.

சாயங்காலம் அவளிடமே போனை நீட்டினேன்.

“நீயே போட்டுரு தாயி.”

“அது நீங்க சொல்ல வேண்டியதுப்பா.”

“எனக்குத் தெரியலையே.”

போனை என் கையிலேயே திருப்பி வைத்தாள். “அப்ப என்னயக் கேளுங்க, சொல்றேன்.”

ஒவ்வொன்றாகக் கேட்டேன். கெட்டுப்போன மிக்சியைப் பிரித்துச் சரிசெய்தது அவள்தானாம். கடையில் கொடுத்து வாங்கியதாக நான் நினைத்திருந்தேன். ரயில் ஓட்ட வேண்டும் என்று ஆசையாம். அதற்கு டிப்ளமோ படிக்கலாம் என்று செயலி காட்டியதாம்.

அடுப்படியிலிருந்து அவள் அம்மா எட்டிப் பார்த்தாள். “பொம்பளப்பிள்ள ரயிலு ஓட்டுறதா? ராத்திரியெல்லாம் போகணுமே!”

எனக்கும் அதே பயம்தான்.

கடைசிக் கேள்வி, வெளியூர் விடுதியில் தங்கிப் படிக்க அனுப்பச் சம்மதமா என்பது. அதற்குத் ‘தெரியவில்லை’ கிடையாது. யோசிப்பதற்குள் திரை அணைந்துபோனது. மறுபடி தொட்டேன். அவள் என் விரலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“நாளைக்குக்கூடப் போடலாம்ப்பா” என்றாள்.

ஆம் என்று தொட்டேன்.

இப்போது மதுரையில் பாலிடெக்னிக் படிக்கிறாள். வாரம் ஒருதரம் பேசுவாள். போன வாரம் கூப்பிடவில்லை. லோடு ஏற்றும் இடத்திலிருந்து நானே கூப்பிட்டேன். பின்னால் ஏதோ இயந்திரம் இரைந்தது.

“ஒர்க்‌ஷாப்புல இருக்கேம்ப்பா, பெறகு பேசுறேன்.”

வைத்துவிட்டாள். சாப்பிட்டாயா என்று கேட்க விட்டுப்போயிற்று. வீடு வந்து சேரும்வரை அதுதான் மனதை அரித்துக்கொண்டிருந்தது.