குள்ளச்சி சறுக்கிய நாள்

எனக்கு ஒரு சக்களத்தி உண்டு. எடை பதினெட்டு டன், நிறம் கறுப்பு. தண்டவாளத்தின் அகலமே இரண்டரை அடி என்பதால், அதில் ஓடுகிற அந்த நீராவி எஞ்சினை எங்கள் ஊரில் குள்ளச்சி என்பார்கள். மலையில் கல் வெட்டிய காலத்தில் கல் இழுக்க வந்தவள். கல் தீர்ந்ததும் மரம் இழுத்தாள். மரத்தை லாரிகள் பிடுங்கிக்கொண்டதும் ஆட்களை இழுக்க ஆரம்பித்தாள். அடிவாரத்திலிருந்து உச்சிக்கு மூன்று பெட்டி, நாளுக்கு இரண்டு நடை. அவளுக்குப் பதினாறு வருஷம் கரி அள்ளிப் போட்ட ஃபயர்மேன்தான் என் வீட்டுக்காரர்.

விடியும் முன்னே போய் அவளுக்கு அடுப்பு மூட்டுவார். எங்கள் வீட்டு அடுப்பை ஒரு நாளாவது மூட்டினாரா என்று யாரும் கேட்க வேண்டாம். அவள் சத்தத்தில் ஒரு சின்ன மாற்றம் வந்தால் போதும், "இன்னைக்கு அவளுக்கு மூச்சு வாங்குது" என்று சாப்பாட்டுத் தட்டின் முன் உட்கார்ந்து கவலைப்படுவார். எனக்குச் சளி பிடித்தால் மூன்றாம் நாள்தான் இவருக்குத் தெரியும்.

டிரைவர் ஆக வேண்டும் என்பது ஒன்றுதான் இவருக்கு ஆசை. எழுத்துப் பரீட்சையில் புலி. ஓட்டிக் காட்டும் பரீட்சையில்தான் இரண்டு தடவை கோட்டை விட்டார். முதல் தடவை பயத்தில் பிரேக்கைச் சீக்கிரம் போட்டு, நடைமேடைக்கு முன்னாலேயே வண்டியை நிறுத்திவிட்டார். அடுத்த தடவை அதை நினைத்துப் பயந்து நடைமேடையைத் தாண்டிப் போய் நிறுத்தினார். மூன்றாவதும் போனால் ஆயுசுக்கும் கரிதான், அதுதான் விதி. வயது நாற்பத்திரண்டு. வலது தோள் ஏற்கெனவே இவர் சொன்ன பேச்சைக் கேட்பதில்லை.

பரீட்சை மழைக்காலத்தில் வந்தது. ஈரத் தண்டவாளத்தில் சக்கரம் வழுக்காமல் இருக்க எஞ்சினில் ஒரு பெட்டி நிறைய உலர்ந்த மணல் வைத்திருப்பார்கள். கைப்பிடியை இழுத்தால் அது குழாய் வழியாகச் சக்கரத்துக்கு முன்னால் கொட்டும். ஷெட்டில் மணல் வறுக்கவே ஒரு பெரியவர் இருந்தார். அவர் வறுத்தது போதாது என்று, இவர் தனியாக ஒரு மூட்டை மணலை வீட்டுக்குக் கொண்டுவந்து வறுத்து, மூன்று தடவை சலித்து வைத்தார். நான் அப்போது பாத்திரம் தேய்க்கிற பொடி செய்து விற்றுக்கொண்டிருந்தேன். செங்கல் தூள், சாம்பல், சோப்புத் தூள், காய்ந்த எலுமிச்சைத் தோல். அதுவும் ஒரு மூட்டை. அதே மாதிரி சாக்கு, அதே அடுப்படி, அதே மூலை. பரீட்சை அன்று இருட்டில் எழுந்து, எஞ்சின் பெட்டியில் இருந்த ஷெட் மணலையெல்லாம் பொறுப்பாக வழித்து எடுத்துவிட்டு, என் பொடியைக் கொண்டுபோய்க் கொட்டியிருக்கிறார் மனிதர்.

அது எனக்குத் தெரியாது. "நீ வந்தா எனக்குக் கை நடுங்கும், வராதே" என்று சொல்லிவிட்டுப் போனார். எனக்கு வீட்டில் இருப்புக்கொள்ளவில்லை. உச்சியில் இருக்கிற அக்காவைப் பார்க்கப் போகிறேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு, கடைசிப் பெட்டியில் முக்காடு போட்டு உட்கார்ந்தேன்.

பாதி மலை வரை நன்றாகத்தான் ஓட்டினார். செங்குத்தான வளைவு வந்தபோது தூறல் பிடித்தது. சக்கரம் நின்ற இடத்திலேயே சுற்றியது. மணல் கைப்பிடியை இழுத்திருப்பார்; பிடிக்க வேண்டிய சக்கரம் இன்னும் மோசமாகச் சுற்றியது. பிரேக் போட்டு நிறுத்திவிட்டார். தலையை நீட்டிப் பார்த்தேன். தண்டவாளம் முழுக்க வெள்ளை நுரை. காற்றில் எலுமிச்சை வாசனை. என் பொடியேதான்.

இறங்கி எஞ்சினுக்கு ஓடினேன். பரீட்சை வைக்க வந்த இன்ஸ்பெக்டர் நோட்டுப் புத்தகத்தோடு கீழே நின்று கத்திக்கொண்டிருந்தார். "மணல் வறுக்கிற ஆள் யாரு? இன்னைக்கே அவனை வீட்டுக்கு அனுப்பறேன்."

இவர் நுரையைத் தொட்டு மோந்து பார்த்தார். முகத்தில் ஈயாடவில்லை. நான் பக்கத்தில் போய்க் காதோடு, "வாயைத் திறக்காதீங்க, மழைன்னு சொல்லிக்கலாம்" என்றேன். சொன்னேன், மறைப்பானேன்.

இவர் என்னை ஒரு பார்வை பார்த்தார். அப்புறம் இன்ஸ்பெக்டர் பக்கம் திரும்பினார்.

"சார், அந்தப் பெரியவர் மேல தப்பில்லை. அவர் மணலை எடுத்துட்டு இதைக் கொட்டினது நான்தான். இது எங்க வீட்டுல பாத்திரம் தேய்க்கிற பொடி."

"பொடியா?"

"ஆமா சார். நல்லாத் தேய்க்கும்."

எனக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போல இருந்தது. ஆனால் சொல்லி முடித்ததும் இவருடைய நடுக்கம் போன இடம் தெரியவில்லை. தலைக்கு மேல் வெள்ளம் போன பிறகு சாண் என்ன, முழம் என்ன. கரியை நனைக்கிற வெந்நீர்க் குழாயை இழுத்து, சக்கரத்தையும் தண்டவாளத்தையும் நுரை போகக் கழுவினார். பிறகு வண்டியின் கார்டிடம் போய், தீயணைக்க வைத்திருக்கிற நாலு சிவப்பு வாளி மணலையும் கேட்டார்.

"தீப்பிடிச்சாதான்யா அதைத் தொடணும்" என்றார் கார்டு.

"என் வயிறு எரியறது போதாதா?"

கார்டு ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். எஞ்சினுக்கு முன்னால் நடந்தபடி, குழம்புக்கு உப்புப் போடுகிற மாதிரி பிடிப் பிடியாகத் தண்டவாளத்தில் தூவினோம். மேலிருந்து இவர் குரல் கொடுத்தார். "அவசரப்படாதே. நீ போற வேகத்துக்கு நான் வரேன்."

கல்யாணமான நாளிலிருந்து இவர் என் வேகத்துக்கு வந்தது அன்றைக்கு ஒரு நாள்தான். பின்னால் குள்ளச்சி பெருமூச்சு விட்டுக்கொண்டே வந்தாள், ஒரு தடவைகூடச் சறுக்கவில்லை. வளைவு தாண்டியதும் நாங்கள் ஏறிக்கொண்டோம். உச்சியில் நடைமேடைக்கு நேராக, ஒரு அடி முன்னுமில்லை பின்னுமில்லை, கொண்டுபோய் நிறுத்தினார்.

இன்ஸ்பெக்டர் வெகுநேரம் எழுதினார். கிழித்துக் கொடுத்த தாளைப் படிக்க இவருக்குத் தைரியமில்லை, என்னிடம் நீட்டினார். நான் படித்துக் காட்டினேன்.

'குறை: மணலைச் சோதிக்கவில்லை. நிறை: தன் பழி இன்னொருவர்மேல் விழ விடவில்லை. முடிவு: எஞ்சினை இவரை நம்பி ஒப்படைக்கலாம்.'

இன்னொரு தடவை படி என்றார். படிக்க முடியவில்லை. வாயைத் திறக்காதீங்க என்று சொன்னவள் நான். வெட்கமாகவும் இருந்தது, இப்படி ஒரு ஆளுக்கு வாழ்க்கைப்பட்டோமே என்று பெருமையாகவும் இருந்தது. முக்காட்டை இழுத்து மூடிக்கொண்டு அழுதேன்.

"எதுக்கு இப்போ அழறே?" என்றார் டிரைவர்.

"ஒரு மூட்டைப் பொடி போச்சே, அதுக்குத்தான்" என்றேன். நல்ல வேளை, எனக்குப் பரீட்சை வைக்க எந்த இன்ஸ்பெக்டரும் வரவில்லை.