எக்ஸ்ரே படம் பார்ப்பவர்

நடந்தது இவ்வளவுதான்:

1. துவாக்குடியில் கொதிகலன் குழாய் செய்யும் எங்கள் தொழிற்கூடத்தில், வெல்டிங்கின் எக்ஸ்ரே படங்களில் விரிசல் தேடும் ஏஐ ஒன்றை நான் பொருத்தினேன்.
2. அதுவும், வழக்கமாகப் படம் பார்ப்பவரும் தனித்தனியாக முடிவு சொல்ல வேண்டும். ஒருவர் விட்டதை மற்றவர் பிடிக்கத்தான் அந்த ஏற்பாடு.
3. சில மாதங்களில் அவர் அதன் முடிவைப் பார்த்துவிட்டுத் தன் முடிவை எழுத ஆரம்பித்தார்.
4. ஒரு மதியம் சர்வர் நின்றுபோனது; ஏஐயும் நின்றது.

அவர் ஜீயபுரத்திலிருந்து பஸ்ஸில் வருபவர். ஒல்லி, கண்ணாடி எப்போதும் மூக்கு நுனியில். விளக்குப் பெட்டியில் படத்தை வைத்ததும் இடது கண்ணை உள்ளங்கையால் பொத்திக்கொள்வார். சர்வர் நின்ற அந்த மதியமும் பொத்திக்கொண்டார். ஆனால் பேனா நகரவில்லை. வாசலில் லாரி காத்திருந்தது.

"என்ன சார், கூட்டாளி லீவா?" என்று ஃபோர்மேன் சிரித்தார்.

அவர் என்னிடம் திரும்பினார். "விரிசல் மாதிரியும் இருக்கு, இல்லாத மாதிரியும் இருக்கும்மா. அது வந்து சொல்லட்டும்."

"நீங்க இத்தனை வருஷமா எழுதின முடிவை வெச்சுதான் சார் அது கத்துக்கிச்சு."

"அந்த ஆளு நல்லா பாப்பாரும்மா," என்றார், வேறு யாரையோ சொல்வதுபோல.

சர்வர் வந்தது. ஏஐ குறையில்லை என்றது. அவர் கையெழுத்துப் போட, லாரி கிளம்பியது. அந்தக் குழாயில் விரிசல் இருந்ததா என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

அவர் எழுதி முடிக்கும்வரை ஏஐயின் முடிவு தெரியாதபடி மாற்றிப் பார்த்தேன். ஒவ்வொரு படத்திலும் அவர் தயங்கியதில் லாரிகள் தேங்கின. பழையபடியே வைக்கச் சொன்னது நிர்வாகம், வைத்துவிட்டேன். அவர் வேலையில்தான் இருக்கிறார். சான்றிதழில் இருவர் பார்த்ததாகப் போகிறது; பார்ப்பது ஒன்றுதான்.