புரட்டாசியில் பத்து நாள் மாத்திரை

பூனையின் பின்னங்காலில் சீழ் வைத்திருந்தது. திருப்பதியில் கால்நடை மருத்துவர் அதை அறுத்துக் கழுவிவிட்டு, பத்து நாளைக்குக் காலையும் மாலையும் மாத்திரை கொடுக்கச் சொன்னார். ஒரு வேளை விட்டாலும் மறுபடி சீழ் வைக்கும், காலே போய்விடலாம் என்றார். ஆனால் ஏழாம் நாள் நான் விஜயவாடா போயாக வேண்டும். புது வேலைக்கான நான்கு நாள் பயிற்சி. எங்கள் வீட்டில் முதலில் பள்ளிக்கூடம் போனவள் நான். அந்த வேலையை விடுவதாக இல்லை. பூனையையும்தான்.

மாத்திரையைக் கருவாட்டுத் துண்டில் செருகிக் கொடுத்துவந்தேன். அதே மாதிரி கொடுக்க முடியுமா என்று எதிர்வீட்டு அக்காவிடம் கேட்டேன். பூனையை மடியில் வைத்துக் கொஞ்சுகிறவர்.

"புரட்டாசில கருவாட்டத் தொடச் சொல்றியேமே. இதான் நீ படிச்ச படிப்பா?"

பூனைக்கு ஏது விரதம் என்று நினைத்திருந்தேன். கொடுக்கிற கைக்கு விரதம் உண்டென்று எனக்குத் தோன்றியிருக்கவில்லை. தெருவில் ஒரு வீட்டிலும் அந்த மாதம் முட்டைகூட உடைக்கமாட்டார்கள். வேறு யாரைக் கேட்டாலும் இதே பதில்தான்.

"வேற எதுலனா வச்சிக் குடுக்கலாம்னா சொல்லு, செய்யறேன்" என்றார் அக்கா.

மருத்துவருக்குப் போன் செய்தேன். பொடித்துக் கொடுக்கலாம் என்றார். அன்று மாலை தயிர்சோற்றில் பிசைந்து வைத்தேன், முகர்ந்துவிட்டுத் திரும்பிக்கொண்டது. வாயைத் திறந்து ஊட்டினேன். நுரை தள்ளிக் கட்டிலுக்கடியில் ஓடியது. புறங்கையில் நான்கு கீறல். அந்த வேளைக்குப் பழையபடி கருவாட்டிலேயே கொடுத்தேன். மறுநாள் காலை பொடியை நெய்யில் குழைத்து அதன் முன்னங்காலில் தடவினேன். உடம்பில் ஒட்டியதைச் சுத்தம் செய்யாமல் பூனையால் இருக்க முடியாது. முகத்தைச் சுளித்துக்கொண்டே முழுவதும் நக்கியது.

அன்று மாலையும் அடுத்த இரண்டு நாளும் அக்காவையே தடவவைத்தேன்.

"நெய்தானே? கோயிலுக்கே குடுக்கறது. நீ கெளம்பு" என்றார். "ஆனா சனிக்கெழம பெருமாளுக்குத் தளிகை போட்டப்புறம்தான் பூனைய உள்ள உடுவேன்."

"எட்டு மணிக்குள்ள குடுத்துடணும்க்கா."

"அப்போ ஆறுக்கே தளிகைய முடிச்சிடறேன். வாத்தியாரம்மா மாதிரி மெரட்டாத."

சனிக்கிழமை காலை ஏழு மணிக்குப் பயிற்சிக்கூட வாசலில் நின்று போன் செய்தேன்.

"நக்கிக்கினு கீது. ஒரு துளி வைக்கல. புண்ணும் காஞ்சிட்டுது."

"சாயங்காலமும்..."

"தெரியும்மே, ஆறு மணிக்கு. நீ போய் உன் வேலயப் பாரு."

போனை அணைத்துப் பையில் போட்டேன். உள்ளே போய் முதல் வரிசையில் உட்கார்ந்தேன்.