நர்சம்மா வராத வீடு

என் முதல் குழந்தை எட்டாம் மாதத்தில் வயிற்றிலேயே இறந்துபோனது. ஆண் பிள்ளை. வலி மட்டும் எல்லோருக்கும் போல முழுசாக இருந்தது. துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு போனபோது முகத்தைக் காட்டச் சொல்லிக் கேட்டேன். "வேணாம்மா, பாத்துட்டா மறக்கமாட்ட" என்று என் மாமியார் தடுத்துவிட்டார். நல்லதுக்குத்தான் சொன்னார். ஆனால் பார்க்காமலும் மறக்க முடியவில்லை.

கர்ப்பமாக இருந்தபோது மாதாமாதம் எங்கள் ஊர் துணை சுகாதார நிலையத்துக்குப் போவேன். உத்திரமேரூரிலிருந்து ஸ்கூட்டியில் வரும் நர்சம்மா எடை பார்ப்பார், பிரஷர் பார்ப்பார், கடைசியில் மனசைப் பற்றிக் கேட்பார். தூக்கம் வருகிறதா, காரணமில்லாமல் அழுகை வருகிறதா, எதையாவது நினைத்துப் பயமாக இருக்கிறதா என்று. நான் சிரிப்பேன். "எனக்கு இன்னா நர்சம்மா, ஜாலியாத்தான் கீறேன்." அப்போது அது உண்மை.

பிள்ளை இல்லாமல் வீடு திரும்பிய பிறகு பால் சுரந்தது. அது வற்றட்டும் என்று மாமியார் மல்லிகைப் பூவை மார்பில் வைத்துக் கட்டினார். நனைந்த ஜாக்கெட்டோடு படுத்துக் கிடந்தேன். எதிர் வீட்டில் ஒருத்திக்கு அப்போதுதான் குழந்தை பிறந்திருந்தது. நர்சம்மாவின் ஸ்கூட்டி அங்கே வந்து நிற்கும். குழந்தையைத் தூக்கிக் கொஞ்சுவதும், "நீ எப்டிம்மா கீற, தூக்கம் வருதா?" என்று அவளைக் கேட்பதும் என் பாய் வரைக்கும் கேட்கும். பிறகு வண்டி கிளம்பிப் போய்விடும்.

எங்கள் வீட்டில் பார்ப்பதற்குக் குழந்தை இல்லை. நானும் பிள்ளை பெற்றவள்தான் என்பது யாருக்கும் தோன்றவில்லை. எனக்கே தோன்றவில்லை.

சோறு இறங்கவில்லை. குளிக்கப் பிடிக்கவில்லை. எதிர் வீட்டுக் குழந்தை அழுதால் காதைப் பொத்திக்கொள்வேன். என் கணவர் கட்டடங்களில் சென்ட்ரிங் வேலைக்குப் போகிறவர். ஒரு மத்தியானம் அவர் சாப்பிட வந்தபோது, "நானும் அவன் கூடவே போயிடறேன்" என்றேன். கடைக்குப் போய் வருகிறேன் என்பதுபோலச் சாதாரணமாகத்தான் சொன்னேன். அவர் தட்டை அப்படியே வைத்துவிட்டு எழுந்து ஓடினார்.

நர்சம்மாவோடு திரும்பி வந்தார். நர்சம்மா என் பக்கத்தில் தரையிலேயே உட்கார்ந்து கையைப் பிடித்துக்கொண்டார். "உன் மூஞ்சப் பாத்து இன்னான்னு கேக்கறதுன்னு தெரியாமதாம்மா தாண்டித் தாண்டிப் போய்க்கினு இருந்தேன்" என்றார். பிறகு அதே பழைய கேள்விகளை ஒவ்வொன்றாகக் கேட்டார். இந்தத் தடவை நான் சிரிக்கவில்லை.

"உசுர வுட்டுடலாம்னு தோணுதா?"

ஆமாம் என்று தலையாட்டினேன். அதற்குப் பிறகுதான் அழுகை வந்தது. ஆஸ்பத்திரியில்கூட நான் அப்படி அழவில்லை.

மறுநாளே எங்களோடு பஸ் ஏறி, காஞ்சிபுரம் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனார். அங்கே மனநல டாக்டரம்மா என்னிடம் பொறுமையாகப் பேசினார். பேசி முடித்து, கதவோரம் நின்றிருந்த என் கணவரைப் பார்த்து, "நீங்க எப்படி இருக்கீங்க?" என்று கேட்டார்.

"எனக்கு இன்னா மேடம், நான் நல்லாத்தான்..." முடிக்காமலே வெளியே போய்ச் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டார். தோள் குலுங்கியது. இத்தனை நாளும் அவரை யாரும், நான்கூட, அப்படிக் கேட்டதில்லை.

டாக்டரம்மா கொடுத்த மாத்திரை உடனே ஒன்றும் செய்துவிடவில்லை. மெல்லத்தான் பசி எடுத்தது, தூக்கம் வந்தது. தலை வாரிக்கொள்ள வேண்டும் என்று தானாகத் தோன்றிய ஒரு காலையில் என் கணவரிடம் கேட்டேன்.

"புள்ளைய எங்க பொதைச்சீங்க?"

ஏரிக்கரைக்குக் கூட்டிப் போனார். நடுவில் மழைக்காலம் வந்து போயிருந்தது. சீமைக்கருவேல முள்ளுக்கு நடுவே முன்னும் பின்னுமாக நடந்தார். "இங்கதாம்மே. அடையாளத்துக்கு ஒரு கல்லு வச்சேன்." காலால் புல்லை விலக்கிப் பார்த்தார். "இல்ல, அந்தாண்ட இருக்கும்." அங்கேயும் புல்தான் மண்டிக் கிடந்தது. கல்லைக் காணோம். அவர் குனிந்து தேடிக்கொண்டே இருந்தார்.

"வுடுங்க" என்று சொல்லிவிட்டு, நின்ற இடத்திலேயே உட்கார்ந்தேன். எந்த இடம் என்று தெரியாததால், கைக்கு எட்டிய தரையையெல்லாம் தடவிக் கொடுத்தேன்.