கண்ணுசாமியின் தைல அண்டா

சேலம் அஸ்தம்பட்டியில் சாயக்காரர் கண்ணுசாமி தோய்த்த நூலில் திட்டு விழுந்ததாக ஒருவரும் சொன்னதில்லை. கொதிக்கும் தொட்டியில் ஒரு இழையைக்கூட மிதக்க விடமாட்டார். மூங்கில் கோலால் அமுக்கியபடியே நிற்பார்.

ஐப்பசி மழையில் நூல் காயாது, கை சும்மா இருக்கும். ஏற்காட்டு விறகு வண்டிகளில் தைலமரத் தழையும் சேர்ந்து இறங்கி வீணாகிக் கிடந்தது. நல்ல தைலம் கொடுத்தால் எவ்வளவானாலும் எடுத்துக்கொள்வதாகக் கடைவீதி மருந்துக்கடை வெங்கடாசலம் வாக்குக் கொடுத்தார்.

முதலில் கண்ணுசாமி தழையை நல்லெண்ணெயில் ஊறப்போட்டு, மழை விட்ட நேர வெயிலில் வைத்தார். வாசம் ஏறியது. ஆனால் காகிதத்தில் விட்ட சொட்டு, நல்ல தைலம்போல் காற்றில் பறந்துபோகாமல் எண்ணெய்க் கறையாக நின்றது. அது தைலமில்லை என்று அவரே ஒதுக்கினார்.

இனி கொதிக்கவைத்து வடிக்கத்தான் வேண்டும். அதற்கு மனைவி வள்ளியாத்தாளின் சீர் அண்டாவில் துளையிட்டுக் குழாய் பொருத்தவேண்டும். செம்பு அண்டா, பிறந்த வீட்டார் பேர் வெட்டியது.

"தொளையப் போட்டுக்கோங்க. காரியம் ஆகலீன்னா, பொங்கச் சீரோட எங்கண்ணன் வாரப்ப நீங்கதான் பதில் சொல்லோணும்" என்றாள்.

தழையை நீரில் போட்டு, பழக்கதோஷத்தில் கோலால் அடிவரை திணித்து மூடி, அடுப்பை மூட்டினார். குளிர்ந்த தண்ணீர்த் தொட்டி வழியே வந்த குழாய் சொட்டியது. தைலமும் சேர்ந்தது. வெங்கடாசலம் முகர்ந்து பார்த்துக் குப்பியைத் திருப்பிக் கொடுத்தார்.

"இதைத் தேய்ச்சா தலைவலி போகாது சாயக்காரரே, வரும்."

கண்ணுசாமி வாடவில்லை. வீட்டுக்கு வந்து அண்டாவைக் கவிழ்த்தார். அடியில் திணித்த தழை கருகி ஒட்டியிருந்தது. தண்ணீருக்கு மேலே தங்கிவிட்ட கொஞ்சத் தழையோ, கருகாமல் பதமாக வெந்திருந்தது.

"நூலுக்குத்தான் புள்ள தண்ணி. தழைக்கு ஆவியே போதும்" என்றார் வள்ளியாத்தாளிடம்.

அன்றே மூங்கில் தட்டி முடைந்து அண்டாவின் பாதியில் பொருத்தினார். அடியில் நீர், தட்டிமேல் தழை. கோலை எடுத்து மூலையில் சாத்தினார். இம்முறை நீரின் மேல் தெளிந்த தைலம் மிதந்தது. மிதப்பதையே ஆகாதென்று வாழ்ந்த மனிதர், அதைப் பார்த்துத் தனக்குள் சிரித்துக்கொண்டார். காகிதத்தில் விட்ட சொட்டு சுவடில்லாமல் பறந்தது.

வெங்கடாசலம் ஒருமுறை முகர்ந்ததோடு சரி. அடுத்த குப்பி எப்போது என்றுதான் கேட்டார்.

பொங்கலுக்கு வந்த மைத்துனர் அண்டாவின் துளையைப் பார்த்துத் தங்கையை முறைத்தார். கண்ணுசாமி வாயெடுக்குமுன் வள்ளியாத்தாள் முந்திக்கொண்டாள்.

"அடுத்த சீருக்கு இதைவிடப் பெருசா ஒண்ணு கொண்டாங்கண்ணா. இது பத்தமாட்டேங்குது."