ஓசி சாஃப்ட்வேர் போட்டுக் கொடுத்தவன்

கம்ப்யூட்டர் ரிப்பேர்காரனைத் தேடி யாரும் சிரித்த முகத்தோடு வருவதில்லை. அதிலும் இலவச மென்பொருள் போட்டுக் கொடுக்கிறவன் என்றால் சந்தேகமும் சேர்ந்தே வரும். இந்தத் தொழிலில் அடிபட்டவர்களுக்கு நான் சொல்ல வேண்டாம். இரண்டாயிரத்துக்குப் பிந்தைய வருஷங்களில் செங்கம் ரோட்டில் என் கடை இருந்தது.

யார் குடுத்தது?

தேரடி வீதியில் கல்யாணப் பத்திரிகை அடிக்கும் மீனாட்சி அக்காவின் கம்ப்யூட்டரை முகூர்த்த மாதத்தில் வைரஸ் தின்றுவிட்டது. கணவர் போன பிறகு வீட்டுக்குச் சோறு போட்டது அந்த ஒரு மிஷின்தான். லினக்ஸ் என்ற இலவச மென்பொருளைப் போட்டுக் கொடுத்தேன். “லைசென்ஸ் கேட்டு யாராச்சும் வந்துடப் போறாங்கப்பா” என்று பயந்தார்.

“லைசென்ஸ்லயே எழுதியிருக்குக்கா. யார் வேணா யூஸ் பண்ணலாம், மாத்தலாம், மத்தவங்களுக்கும் குடுக்கலாம். எங்கெங்கயோ இருக்கறவங்க சேர்ந்து செஞ்சது.”

அக்கா திரையைப் பார்த்துச் சொன்னார்: “யாரு பெத்த புள்ளைங்களோ, நல்லா இருக்கட்டும்.”

கொம்பு

ஆனால் அச்சில் தமிழ் தடுமாறியது. ‘கெ’ என்று அடித்தால் கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் நின்றது. அந்த மென்பொருளை எழுதுகிறவர்களின் மின்னஞ்சல் குழுவில் முறையிட்டேன். ஜெர்மன்காரர் ஒருவர் பதில் போட்டார்: எங்கள் ஊர் ஆசிரமத்துக்கு வரப்போகிறாராம், நேரிலேயே பார்க்கிறாராம்.

சொன்னபடி வந்தார். அவருக்குத் தமிழ் எழுத்து ஒன்றுகூடத் தெரியாது. அக்கா கொம்பு எங்கே நிற்க வேண்டும் என்று விரலால் காட்டக் காட்ட, அவர் திருத்திக்கொண்டே வந்தார். பத்திரிகை சரியாக வந்ததும் அக்கா சாம்பார் சாதமும் அப்பளமும் வைத்தார். பாதி சாப்பாட்டில் அவர் பேச ஆரம்பித்தார். இங்கிலீஷில் சொன்னதைத் தமிழில் சொல்கிறேன்: “இத்தனை வருஷத்துல குறை சொல்லித்தான் லெட்டர் வந்திருக்கு. சாப்பாடு வந்தது இதான் முதல் தடவை.”

ழ

இன்று ஆசிரியராக இருக்கும் அடி அண்ணாமலை கிராமத்து ஏழுமலை அன்று பி.எட். மாணவர். கண் தெரியாது, பாடத்தைப் படித்துக் காட்ட ஆளும் இல்லை. எழுத்தை வாசித்துக் காட்டும் இலவச மென்பொருள் ஒன்றைப் போட்டுக் கொடுத்தேன். முதலில் தன் பெயரைத்தான் அடித்தார். அது “ஏலுமலை” என்றது. “பரவால்ல சார்” என்றார்; முகம் வாடிவிட்டது.

மறுபடி முறையீடு, இந்த முறை அந்த மென்பொருளின் குழுவில். கனடாவில் வாழும் யாழ்ப்பாணத்துப் பெண் ஒருவர், நாங்கள் முகம்கூடப் பார்த்திராதவர், வேலை முடிந்து வந்து உட்கார்ந்து அந்த ‘ழ’வைச் சரிசெய்து அனுப்பினார். ஏழுமலை காதை ஸ்பீக்கரோடு ஒட்டிவைத்து, திரும்பத் திரும்பப் போடச் சொன்னார். “இப்பதான் சார் என்னைக் கூப்பிடுது.”

ஓர் எழுத்தைச் சரிசெய்தால் அடுத்தது வந்து நிற்கும். சும்மா கிடைப்பதை நாலு பேருக்குக் கொடுக்கும் வேலையைப் போல ஓய்வு கிடைக்காத உத்தியோகம் உலகத்தில் வேறு இல்லை, நண்பர்களே.