கொட்டிய புட்டி

தஞ்சாவூரில் ஓர் ஆய்வுக்கூடத்தில் புட்டி கழுவும் தற்காலிக வேலை எனக்கு. நெற்பயிரின் தண்டைத் துளைக்கும் குருத்துப்பூச்சியின் செல்களை அங்கே புட்டியில் வளர்ப்பார்கள். கெட்டுக் கலங்கிப்போன புட்டியை யாரையும் கேட்காமலே கொட்டுவது வழக்கம். ஒருநாள் திட்டுத்திட்டாக இருந்த ஒன்றைக் கெட்டுவிட்டதென்று கொட்டிவிட்டேன்.

ஆராய்ச்சி செய்யும் மேடம் பதறினார். "ஐயோ, அது கெடலண்ணே! பூச்சியைத் தோலுரிக்க வைக்கிற ஹார்மோனைப் போட்டிருந்தேன். செல்லெல்லாம் பெருகறத நிறுத்திட்டு ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கிச்சு. அதைக் காட்டினாத்தான் வெளிநாட்டுல ஆராய்ச்சி பண்ண எனக்கு இடம் கிடைக்கும்."

அதற்குள் ஆய்வுக்கூடத் தலைவரான பேராசிரியர் வந்துவிட்டார். "யாரு கொட்டுனது?"

வேலை போய்விடும் என்று நான் வாய் திறக்கவில்லை. மேடம் என்னை ஒருமுறை பார்த்தார். "என் கை தவறிடுச்சு சார்."

அந்த வருடம் அவர் வெளிநாடு போக முடியவில்லை.

என்னைக் கூச்ச சுபாவக்காரன் என்பார்கள். அன்று நான் பேசாமல் நின்றது கூச்சத்தால் இல்லை என்பது எனக்கும் மேடத்துக்கும் தெரியும்.